சங்கிலிமுத்து மெத்தைக் கடையின் முதல் பக்கம்

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் கண்ணன் போன மாதம் வாசலில் நின்று கைபேசியை நீட்டினார். "டீச்சர், நம்ம கடைக்கு நானே வெப்சைட் போட்டுட்டேன். டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரு பனிமலை வந்தது. அதற்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள். மாவு எப்போது கிடைக்கும் என்று இல்லை. போன் நம்பர் இல்லை. கடை பழனிசெட்டிபட்டியில் இருக்கிறதா, பாரீசில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா மாவு வேணும்னா அந்தப் பொண்ணையா கூப்புடுறது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். உட்காரவைத்துச் சரிசெய்து கொடுத்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் கை அடங்க மாட்டேன் என்கிறது. போகும்போது, "அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படி டீச்சர் செஞ்சீக?" என்று கேட்டார். அவருக்கு வாயால் சொன்னது கொஞ்சம். மிச்சத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் டீச்சர் ஆனது ஒரு தட்டச்சுப் பள்ளியில். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, வேலை ஒட்டவில்லை. 1996இல் ஞானராஜ் சார் தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தபோது கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மவுசைப் பிடிக்கத் தெரியாமல் தவித்தது, மின்சாரம் போய் மணமகன் பெயரோடு சேர்த்து எல்லாம் அழிந்தது, இதெல்லாம் என் வயதுக்காரர்கள் எல்லோரும் சொல்கிற கதைதான், விட்டுவிடுகிறேன். நாலைந்து வருடம் போனதும் ஒருநாள் சார் மதுரையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தோடு வந்து, "இனிமே வெப்சைட்டும் போடுவோம் டீச்சர்" என்றார்.

"இந்த ஊர்ல யாருக்கு சார் அது?"

"பெரிய கம்பெனிக்குப் போட்டுக் குடுக்க மதுரையில ஆள் இருக்காக. சின்னக் கடைக்குத்தான் யாரும் இல்ல."

ஞானராஜ் சார் பஜாரில் மூன்று தலைமுறையாக ஆணி, தாழ்ப்பாள் விற்ற கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். மேசையில் பென்சில் தூள் குவிந்திருந்தால் அன்றைக்கு யாரும் லீவு கேட்க மாட்டோம். ஒரு கடைக்கு வெப்சைட் போடும் செலவு, ஒரு நல்ல கல்யாணப் பத்திரிகை அடிக்கிற செலவைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அந்தச் சட்டத்திலிருந்துதான் மற்ற சட்டங்கள் எல்லாம் வந்தன.

வாடிக்கையாளர் வந்தால் கம்ப்யூட்டரைத் திறக்க மாட்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க கடைக்கு வர்றவுக மொதல்ல என்ன கேப்பாக?" என்பார். அவர்கள் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்பார். கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், "வேற என்ன சார், புளிக்குமான்னு கேப்பாக" என்றார். அதற்கான பதில்தான் அந்தத் தோட்டத்து முதல் பக்கத்தின் முதல் வரி. போன் நம்பர் எல்லாப் பக்கத்திலும் மேலே இருக்கும். பாட்டு கிடையாது, ஓடுகிற எழுத்து கிடையாது. ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், "வீரபாண்டித் திருவிழா சீரியல் செட்டு மாதிரி மின்னணும் சார்" என்று அடம்பிடித்தார். "மின்னலாம், ஆனா போன் லைன்ல இணைச்சுட்டுக் காத்திருக்குறவனுக்கு அது இருட்டாத்தான் தெரியும்" என்று சார் சொல்லிவிட்டார்.

அது டயல் அப் காலம். போன் லைனில் இணைத்தால் கரகரவென்று சத்தம் போட்டுவிட்டு ஒரு படம் மேலிருந்து கீழாகத் துணி காயப்போடுவதுபோல இறங்கி வரும். அதனால் பக்கம் முடிந்ததும் சார் என்னை எதிர்ச் சாரியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போவார். "நம்ம கம்ப்யூட்டர் நமக்கு வேண்டப்பட்டது டீச்சர். நம்மகிட்ட பொய் சொல்லும்" என்பார். அங்கே இருப்பதிலேயே சோம்பேறியான கம்ப்யூட்டரில் என்னை உட்காரவைத்து, முகவரியைத் தட்டச் சொல்லி, பின்னால் நின்று கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, பரமண்டல ஜெபம் சொல்கிறார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும்போது பக்கம் முழுதாக வந்திருக்க வேண்டும். பாதிப் படம் நின்றால், "இன்னுங் கொஞ்சம் குறைச்சுருங்க" என்பார். படத்தைச் சுருக்கிக்கொண்டு வந்து மறுபடி நிற்போம். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த ஜெபம் மனப்பாடம் ஆகிவிட்டது. "அம்மா சீக்கிரம் சர்ச்சுக்குப் போயிரும்போல" என்று என் மகன் கேலி செய்வான்.

இப்படி எத்தனையோ கடைகளுக்குப் போட்டோம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. என் மனதை விட்டுப் போகாதது போடியில் இருந்த சங்கிலிமுத்து மெத்தைக் கடை. அங்கே விற்பது இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும். சங்கிலிமுத்து எப்போதோ காலமாகிவிட்டார். கடையை அவருடைய மகன்கள் பாண்டியும் செல்வமும் நடத்தினார்கள். பின்கட்டில் அவர்களுடைய தங்கை உறை தைத்துக்கொண்டிருந்தாள். கட்டப்பனையில் வாழ்க்கைப்பட்டு, கணவன் இறந்த பிறகு ஒரு மகளோடு அண்ணன்மார் வீட்டுக்கு வந்தவள். எல்லோரும் அவளைப் பாப்பா என்றார்கள். நாற்பதை நெருங்கிய பாப்பா. நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

மூத்தவர் பாண்டிக்கு முதல் பக்கத்தில் அப்பா படம் வேண்டும். அதில் தப்பில்லை. ஆனால் கல்லாவுக்கு மேலே தொங்குகிற படம் அப்படியே வரவேண்டும், சந்தன மாலையும் சிவப்பு பல்பும் சேர்த்து.

"மாலை இல்லாத படம் இருக்கா?" என்று சார் கேட்டார்.

"மாலையில்லாம எப்படி சார் வைக்கிறது? எங்க கடைக்குள்ள வர்ற எல்லாரும் மொதல்ல அப்பாவத்தான் பாக்குறாக."

சார் பென்சில் சீவினார். பிறகு, கடை அவர்களுடையது என்று சொல்லி என்னைப் படம் எடுத்துவரச் சொன்னார். படத்தின் கண்ணாடியில் என் தலையும் விழுந்தது. வெட்டி, சுருக்கி, ஆமென்னுக்குள் அடக்கி, போட்டுவிட்டோம்.

கொஞ்ச நாளில் கோட்டயத்திலிருந்து முதல் மெயில் வந்தது. எங்கள் சென்டருக்குத்தான் வரும், நாங்கள் போனில் படித்துக் காட்டுவோம். யாரோ ஒரு பெரியவர், சங்கிலிமுத்துவின் மறைவுச் செய்தியைப் பார்த்து மிகவும் வருந்தியதாகவும், குடும்பத்தாருக்கு ஆண்டவர் ஆறுதல் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். மெத்தைகள் வேண்டும், ஆனால் காரியங்கள் முடிந்து கடை திறந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடித்திருந்தார். முழுவதையும் போனில் படித்துக் காட்டினேன். கடைசியில் பாண்டி, "அப்பா போயி எம்புட்டு வருசம் ஆச்சு டீச்சர். இதுக்கு என்னத்தப் பதில் சொல்றது?" என்றார். ஊரில் ஒவ்வொரு கடையிலும் மாலை போட்ட படம் தொங்குகிறது. அதைப் பார்த்து யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. கடைச் சுவரில் இருந்தால் அது மரியாதை. திரையில் தனியாக வந்தால் மரண அறிவிப்பு. எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

அப்போது பாப்பா போனை வாங்கினாள். "டீச்சர், நான் சொல்றத அப்படியே எழுதுறீகளா? அப்பா தவறி நாளாச்சு. நீங்க விசாரிச்சது தெரிஞ்சா சந்தோசப்படுவாக. கடை தொறந்துதான் இருக்கு. ஆனா இப்ப மழை மாசம், பஞ்சுல ஈரம் இருக்கு. இப்ப அடைச்சுக் குடுத்தா ஒரே வருசத்துல கட்டிகட்டியாப் போயிரும். வெயில் வரட்டும், அப்புறம் தாரோம்."

அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பெரியவர் காத்திருந்து வாங்கினார். அவருடைய மருமகள் குமுளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். அவரும் வாங்கினார். அவர் மூலமாகத் தேக்கடிப் பக்கத்து விடுதிகள் சில வந்தன. மாலைப் படத்தையும் பாப்பாதான் மாற்ற வைத்தாள். பஞ்சுக் குவியல் நடுவில் நின்று தலையெல்லாம் பஞ்சு ஒட்டிச் சங்கிலிமுத்து சிரிக்கிற படம் ஒன்றைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து வந்தாள்.

அதன்பிறகு பதில் எழுதுவது அவள் வேலை ஆயிற்று. வாரத்தில் ஒருநாள் போடியிலிருந்து பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள், நான் அடிப்பேன். கொஞ்ச காலத்தில் என்னை நகர்த்திவிட்டுத் தானே அடிக்க ஆரம்பித்தாள். கட்டப்பனையில் இருந்ததால் மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. குமுளி அம்மா போன் செய்தால், "வெயில் வரட்டே சேச்சி" என்று அவள் சொல்வதைக் கேட்க எனக்குச் சிரிப்பாக வரும். ஒவ்வொரு மெயிலின் முடிவிலும், 'சங்கிலிமுத்து மெத்தைக் கடைக்காக' என்று மட்டும் போடுவாள். அந்த வேலைக்கு அவளுக்குச் சம்பளம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்டால், "அண்ணன் வீட்டுச் சோறு திங்கிறேன்ல டீச்சர்" என்பாள்.

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. பாண்டி போடிக் கடையை வைத்துக்கொள்வது, செல்வம் தேனியில் புதுக் கடை போடுவது என்று முடிவாயிற்று. மிஷின், சரக்கு, வாடிக்கை எல்லாவற்றையும் தாய்மாமன் முன்னால் பிரித்துக்கொண்டார்கள். அப்பா பெயர் இரண்டு கடைப் பலகையிலும் இருக்கலாம் என்றும் பேசிவிட்டார்கள். வெப்சைட்டை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் நால்வரும் எங்கள் சென்டருக்கே வந்தார்கள். மாமா, அண்ணன், தம்பி, அவர்களுக்குப் பின்னால் பாப்பா. நாற்காலி பற்றவில்லை. அவள் நின்றாள். நான் என் நாற்காலியைக் கொடுத்தும் உட்காரவில்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். முந்தின வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள். பிரிந்தபின் எந்த அண்ணன் வீட்டில் இருந்தாலும் அடுத்தவருக்கு ஆகாது. மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வெப்சைட் தன் பொறுப்பில் இருந்தால், வருகிற ஆர்டருக்குத் தானே தைத்து அனுப்பித் தனியாகப் பிழைத்துக்கொள்ளலாம். அவள் கேட்க நினைத்தது அவ்வளவுதான்.

மாமா ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே வாயைத் திறந்தாள். "மாமா, எனக்குன்னு நான் வேற ஒண்ணும் கேக்கல. இந்த வெப்சைட்ட எனக்குக் குடுத்துருங்க."

செல்வம் சிரித்துவிட்டார். பாண்டி சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தங்கையையும் அவள் மகளையும் அத்தனை வருடம் முகம் கோணாமல் வைத்துப் பார்த்தவர். "பாப்பா, அது அப்பா பேரு. நாளைக்கு ஒன் மகளக் கட்டிக் குடுத்தா அந்த வீட்டுக்கா அப்பா பேரு போகணும்? நீயே சொல்லு" என்றார். மாமா தலையாட்டினார்.

பிறகு எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் பென்சிலைக் கையில் எடுக்கவில்லை. "பேரு உங்க கடையோடது. நீங்க யாருக்குச் சொல்றீகளோ அவுகளுக்கு மாத்திக் குடுத்துருவேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுல வர்ற மெயிலுக்கு இனிமே யாரு பதில் எழுதுவாக?"

"பாப்பாதான்" என்றார் பாண்டி. "பாப்பாதான்" என்றார் செல்வமும். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

"எந்தக் கடைக்காக?" என்று சார் கேட்டார்.

இருவரும் மாமாவைப் பார்த்தார்கள்.  பாப்பா சொன்னாள், "நான் எழுத மாட்டேன்ணே. ரெண்டு பேருக்கும் எழுத மாட்டேன்."

"ஏத்தா, இப்படியா பேசுறது அண்ணன்மார்கிட்ட?" என்று மாமா அதட்டினார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மெயில் அடிக்கும்போது போட்டுக்கொள்ள என் மேசையில் வைத்திருந்த தன் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

முதல் பக்கத்தில் இரண்டு போன் நம்பர் போட்டோம். போடிக்கு ஒன்று, தேனிக்கு ஒன்று. எந்த நம்பர் மேலே வருவது என்று அதற்கும் ஒரு சண்டை நடந்து, ஒரே வரியில் அடுத்தடுத்துப் போட்டோம். மெயில் வந்தால் இருவருக்கும் அனுப்புவேன். அண்ணன் எழுதட்டும் என்று தம்பி இருப்பார், தம்பி எழுதட்டும் என்று அண்ணன். கடைசியில் யாரும் எழுதவில்லை. குமுளி அம்மா இரண்டு முறை கேட்டார். மூன்றாவது மெயிலில் விலை கேட்கவில்லை. வெயில் வரட்டும் என்று சொன்ன பெண் எங்கே, அவர் உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மட்டும் கேட்டிருந்தார். அதைப் படித்ததும் சாரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

"சார், இத மட்டும் பாப்பாகிட்டச் சொல்லிருவோமே" என்றேன்.

"அது அந்தக் கடைக்கு வந்த மெயில் டீச்சர். கடைக்காரங்களத் தாண்டி நாம குடுக்கக் கூடாது."

"அவதான சார் அந்தக் கடையே?"

"எனக்கும் தெரியும்" என்றார். மேசையில் பென்சில் தூள் குவிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது தொழிலுக்குச் சரி. ஒருத்தர் கடைக்கு வந்ததை இன்னொருவருக்குக் காட்டுகிற சென்டர் நாளைக்கு யார் நம்பிக்கையையும் பெற முடியாது. ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்கு, அந்தப் பெண் நலமாக இருக்கிறார், இப்போது கடையில் இல்லை என்று ஒரு வரி எழுத மட்டும் சார் அனுமதித்தார்.

மழைக்காலம் போய் வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒருநாள் பாப்பா சென்டருக்கு வந்தாள். சற்று மெலிந்திருந்தாள். பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஒரு வீடு பிடித்து மகளோடு இருக்கிறாளாம். மெத்தை அடைக்க இடமில்லை, தலையணை மட்டும் போடுகிறாளாம். இத்தனை நாள் என் வீட்டுப் பக்கம் வராததற்குத் திட்டினேன். "கையில ஒண்ணுமில்லாம எப்படி டீச்சர் வர்றது?" என்றாள். பையிலிருந்து ஒரு தலையணையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

சாரைப் பார்த்து, "ஒரு பக்கம் போதும் சார். எம்புட்டுக் கம்மியா முடியுமோ அம்புட்டுக் கம்மியாப் போட்டுக் குடுங்க" என்றாள். சார் வெள்ளைத் தாளை எடுத்தார். அவளிடம் அந்த முதல் கேள்வியைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரியும். "அட்ரஸுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்றார்.

"எம் மக பேருல வையுங்க. நல்ல பேரு, நாகரிகமா இருக்கும்."

நான் அடித்துப் பார்த்தேன். ஒரு பெயர் ஒரு வெப்சைட்டுக்குத்தான் கிடைக்கும், அந்தப் பெயரை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் கணவர் பெயரும் அப்படித்தான். குலசாமி பெயரைச் சொன்னாள். அதற்கு எப்போதோ ஆள் வந்துவிட்டது. யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சாரின் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னேன். "குமுளியம்மா ஒன்னையத் தேடுனாக பாப்பா. ஒடம்புக்கு என்னன்னு கேட்டாக."  சார் தாளில் எதையோ கவனமாக எழுதுவதுபோல் குனிந்துகொண்டார்.

"எம் பேரச் சொல்லியா கேட்டாக?"

"ஒம் பேரு எங்கன இருக்கு அவுகளுக்குத் தெரிய? வெயில் வரட்டும்னு சொன்ன பொண்ணுன்னு கேட்டாக."

சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். ஒரு டம்ளர் காப்பியை இரண்டாக ஊற்றிக் குடித்திருக்கிறோம். அவள் பெயர் எனக்கும் தெரியாது.

"ஒம் பேரு என்ன பாப்பா?" என்றேன்.

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அது பழைய பேரு டீச்சர். பள்ளிக்கூடத்துல கூப்புட்டாக. அதுக்கப்புறம் யாரு கூப்புட்டா? முத்துப்பேச்சி."

ஒவ்வொரு எழுத்தாக அடித்துவிட்டுக் காத்திருந்தோம். சார் கண்ணை மூடவில்லை, அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் பெயருக்குக் கீழே பதில் வந்தது.

"இருக்கா, இதையும் யாராச்சும் எடுத்துட்டாகளா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒலகத்துல ஒருத்தரும் எடுக்கல. ஒனக்குத்தான் இருக்கு."

அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பதிய வேண்டும் என்று மவுசை நகர்த்தினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் வராத கண்ணீர் அப்போது வந்தது.

"மாத்தாதீக டீச்சர். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."